பழைய சுற்றறிக்கைக் கட்டைப் பிரித்துச் சுருக்குவது எப்படி: பிரிவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

பணியில் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகியிருக்காது. கண்காணிப்பாளர் கூப்பிட்டு, "நம்ம பிரிவுச் சுற்றறிக்கை எல்லாத்தையும் தொகுத்து எளிமையா ஒரே வழிகாட்டியாப் போடச் சொல்லி மேலிருந்து வந்திருக்கு, நீங்கதான் கம்ப்யூட்டர் நல்லாப் பாக்கறீங்களே" என்று ஒரு கட்டை மேசையில் வைத்துவிட்டுப் போவார். கட்டைச் சுற்றியிருக்கும் நாடா சிவப்பாக இல்லாமல் அழுக்கு வெள்ளையாக இருக்கும், ஆனால் சங்கதி அதேதான். அந்தக் கட்டோடு உட்கார்ந்திருப்பவருக்காக இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டு அரசு அலுவலக நடைமுறையை வைத்துத்தான் எழுதுகிறேன், வாரியத்திலோ கழகத்திலோ இருப்பவர்கள் பெயர்களை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

முதலில் நான் செய்த தப்பு. எனக்கு இந்த வேலை முதல்முறை வந்தபோது, எல்லாச் சுற்றறிக்கையையும் வரிசையாகத் தட்டச்சு செய்து, தலைப்புகள் போட்டு, அறுபது பக்கத்தில் 'ஒருங்கிணைந்த வழிகாட்டு நெறிமுறைகள்' என்று ஒன்றைத் தயாரித்தேன். அட்டையெல்லாம் போட்டு அழகாக இருந்தது. மாவட்டங்களுக்குப் போனது. மூன்று மாதம் கழித்து ஒரு வட்டாட்சியர் அலுவலகத்தில் பார்த்தால், பழைய நாற்பது சொச்சம் சுற்றறிக்கைகளுக்கு மேலே என்னுடையதும் ஒன்றாகக் கோத்துக் கிடக்கிறது. அங்கிருந்த உதவியாளரிடம் கேட்டேன். "இதுல இருக்கறதையும் கேக்கறோம் சார், அதுல இருக்கறதையும் கேக்கறோம், எதுக்கு வம்பு" என்றார். அவர் மேல் தப்பே இல்லை. பழையது போய்விட்டது என்று நான் எங்கேயும் எழுதவில்லையே.

ரிசர்வ் வங்கி 2025 நவம்பரில் செய்ததை இதோடு சேர்த்துப் பாருங்கள். 9,000-க்கும் மேற்பட்ட பழைய சுற்றறிக்கைகளை ஒதுக்கிவிட்டு, 244 முதன்மை வழிகாட்டுதல்களை வெளியிட்டார்கள். வணிக வங்கிக்குத் தனி, கூட்டுறவு வங்கிக்குத் தனி என்று நிறுவன வகைப்படி பிரித்து வைத்ததால், அவரவர் தனக்கானதை மட்டும் படித்தால் போதும். செய்தியில் 244 பெரிதாக வந்தது, ஆனால் வேலை நடந்தது அந்த 9,000-த்தில். ஒவ்வொன்றையும் யாரோ எடுத்து, இது செத்ததா உயிரோடு இருக்கிறதா என்று பார்த்திருக்கிறார்கள். ஒரே மூச்சில் வந்ததும் இல்லை. இதற்கென்று 1999-லேயே ஒரு மறுஆய்வு ஆணையம் வைத்தார்கள், 2021-ல் இரண்டாம் முறை வைத்தார்கள், அந்த இரண்டாவது மட்டும் 714 அறிவுறுத்தல்களை விலக்கப் பரிந்துரைத்தது. அதனால் உங்கள் பிரிவுக் கட்டு இரண்டு வாரத்தில் முடியவில்லை என்றால் யாரும் உங்களைக் குறை சொல்ல முடியாது.

சரி, எங்கே ஆரம்பிப்பது?

1. இருப்பதையெல்லாம் ஓர் இடத்தில் கொண்டு வாருங்கள்

பிரிவின் இருப்புக் கோப்பில், அதாவது வந்த உத்தரவுகளைக் கோத்து வைக்கும் கோப்பில், தொடங்குங்கள். அது முழுமையாக இருக்கும் என்று நம்பிவிட வேண்டாம், நடுவில் யாரோ ஒருவர் நகல் எடுக்கக் கொண்டுபோய்த் திருப்பி வைத்திருக்க மாட்டார். அப்புறம் பதிவறை, துறை வலைத்தளம், மேலே தலைமைச் செயலகத்தின் பிரிவு. இவ்வளவும் எல்லோரும் தேடுகிற இடம்தான். பெரும்பாலோர் தேடாத இடம் கீழ்நிலை அலுவலக மேசைக் கண்ணாடிக்கு அடியில். அங்கே ஒரு தாள் இருக்கும்: 'இணைக்க வேண்டியவை' என்று பேனாவால் எழுதி, ஜெராக்ஸ் மேல் ஜெராக்ஸ் எடுத்து, எழுத்து மங்கிப்போன தாள். பொதுமக்களுக்கு உண்மையான விதி அதுதான். நீங்கள் மேலே என்ன மாற்றினாலும் அந்தத் தாள் மாறாவிட்டால் வாசலில் நிற்பவருக்கு எதுவும் மாறாது, அதனால் நான்கைந்து வட்டங்களிலிருந்து அந்தத் தாளைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வாட்ஸ்ஆப் குழுவில் வந்த 'அவசரம், இனிமேல் இப்படிச் செய்யவும்' வகையறாவையும் கேட்டு வாங்குங்கள். அதற்குச் சட்டப்படி மதிப்பு இருக்கிறதோ இல்லையோ, நடப்பது அதன்படிதான்.

ஒவ்வொரு கடிதத்திலும் 'பார்வை' என்று ஒரு பட்டியல் இருக்கும் இல்லையா, அதைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போங்கள். 2016 கடிதம் 2011 கடிதத்தைக் காட்டும், அது 1998-ஐக் காட்டும், 1998 ஓர் அரசாணையைக் காட்டும், அந்த அரசாணை யாரிடமும் இருக்காது. எக்செல்லில் ஒரு பட்டியல் போடுங்கள்: எண், நாள், வெளியிட்டவர், எந்தச் சட்டப் பிரிவின் கீழ், பார்வையில் என்ன இருக்கிறது, யாரிடம் என்ன கேட்கிறது, இன்றைய நிலை. நாளை விட்டுவிடாதீர்கள். ஒரே கோப்பிலிருந்து போகும் கடிதங்களுக்கு ந.க. எண் (அந்தக் கோப்பின் எண்) ஒன்றாகவே இருக்கும், ஒரே எண்ணில் மூன்று கடிதங்கள் மூன்று வெவ்வேறு நாளில் போயிருக்கும், எண்ணை மட்டும் குறித்து வைத்துக்கொண்டு பின்னால் ரத்து செய்யப் போனால் எதை ரத்து செய்கிறோம் என்று உங்களுக்கே தெரியாது.

2. எது கட்டாயம், எது அறிவுரை என்று பிரியுங்கள்

வாசிக்கும்போது எல்லாமே ஒரே குரலில் பேசுவதுபோல் இருக்கும், உண்மையில் அப்படி இல்லை. சட்டம், அதன் கீழ் வந்த விதிகள், அரசாணை, துறைத்தலைவர் சுற்றறிக்கை, எந்தத் தாளிலும் இல்லாத பழக்கம் என்று ஐந்து அடுக்கு. பட்டியலில் ஐந்துக்கும் ஐந்து நிறம் கொடுங்கள். எனக்கு இந்த ஒரு வேலையிலேயே பாதி வெளிச்சம் கிடைத்தது, ஏனென்றால் மக்களை அலைக்கழிப்பதில் பெரும்பங்கு கடைசி இரண்டு நிறத்தில்தான் இருந்தது. சட்டத்தை மாற்றச் சட்டமன்றத்துக்குப் போக வேண்டும், பழக்கத்தை மாற்ற ஒரு கையெழுத்து போதும்.

இரண்டு தீர்ப்புகள் கைவசம் இருக்கட்டும். சந்த் ராம் சர்மா எதிர் ராஜஸ்தான் அரசு என்ற 1967 வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது: விதிகள் மௌனமாக இருக்கும் இடத்தை நிர்வாக அறிவுறுத்தலால் நிரப்பலாம், ஆனால் விதியை அறிவுறுத்தலால் திருத்தவோ மீறவோ முடியாது. ரத்தன் மெல்ட்டிங் என்ற 2008 கலால் வழக்கில், சட்டத்துக்கு முரணான சுற்றறிக்கைக்குச் சட்டத்தின் கண்ணில் இருப்பே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். விதியில் மூன்று ஆவணம் என்று இருக்க, சுற்றறிக்கையில் ஐந்து கேட்டிருந்தால் முதலில் கூடுதலாகக் கேட்ட அந்த இரண்டில் கை வையுங்கள். குறிப்பு எழுதும்போது இந்தத் தீர்ப்புகளைச் சேர்த்தால் மேலே எதிர்ப்பு பாதியாகக் குறையும், இது அனுபவத்தில் சொல்வது.

3. ஒவ்வொரு தாளும் எங்கே பிறந்தது என்று தேடுங்கள்

இதில்தான் நேரம் போகும், போகட்டும்.

எங்கள் பிரிவில் ஒரு நலத்திட்டம் இருந்தது. விண்ணப்பத்தோடு வட்டாட்சியர் தந்த இருப்பிடச் சான்று வைக்க வேண்டும், கூடவே கிராம நிர்வாக அலுவலரிடம் 'இவர் இவ்வூரில் வசிக்கிறார்' என்று தனியாக ஒரு சான்றும் வைக்க வேண்டும். யோசித்துப் பாருங்கள், வட்டாட்சியர் இருப்பிடச் சான்று தருவதே வி.ஏ.ஓ. விசாரித்து அறிக்கை அனுப்பிய பிறகுதான். ஒரே ஆள் ஒரே விஷயத்தை இரண்டு தாளில் சொல்ல வேண்டும், அதற்காக ஒரு அம்மா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அவர் அலுவலகத் திண்ணையில் உட்கார வேண்டும். இது எந்த விதியிலும் இல்லை. பார்வையைப் பிடித்துப் பின்னால் போனால், பல வருடம் முன்பு ஒரு மாவட்டத்தில் ஒரே ஒரு பயனாளி முகவரியில் தணிக்கை ஆட்சேபணை வந்திருக்கிறது. அதற்குப் பதில் சொல்ல அந்த மாவட்டத்துக்கு ஒரு கடிதம் போயிருக்கிறது. கடிதத்தின் அடியில் யாரோ 'நகல்: அனைத்து மாவட்டங்களுக்கும், தகவலுக்காகவும் தக்க நடவடிக்கைக்காகவும்' என்று போட்டுவிட்டார்கள். அவ்வளவுதான், ஓர் ஊரின் பதில் மாநிலத்துக்கே விதியாகிவிட்டது.

உங்கள் கட்டிலும் இப்படி நிறைய இருக்கும். ஆகவே ஒவ்வொரு ஆவணத்துக்கும் எதிரே எழுதுங்கள்: இது எதை நிரூபிக்கிறது, அதே தகவல் அரசிடம் வேறு எங்காவது ஏற்கெனவே இருக்கிறதா, இதைக் கேட்க வைத்த கோளாறு இன்றைக்கும் நடக்க வாய்ப்பு உண்டா. மூன்றுக்கும் சரியான பதில் இல்லாத தாளை எடுத்துவிடலாம்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. எளிமை என்று கிளம்பிக் கண்ணை மூடிக்கொண்டு வெட்டக் கூடாது. வாரிசுச் சான்றுக்கு நேரில் விசாரிப்பது தொந்தரவாகத் தெரியும், விண்ணப்பத்தில் சொன்ன பெயர்களை அப்படியே அச்சடித்துக் கொடுத்தால் என்ன என்று தோன்றும். அந்த விசாரணை இல்லாவிட்டால் முதலில் விடுபடுவது வெளியூரில் கட்டிக்கொடுத்த மகள், அப்புறம் பிரிந்து வாழும் மனைவி. விண்ணப்பிப்பவருக்கு அலைச்சலாக இருப்பது, அங்கே வராத ஒருவருக்கு ஒரே பாதுகாப்பாக இருக்கலாம். ஒரு படியை நீக்கும் முன் 'இது போனால் யாருக்கு நஷ்டம்' என்று கேளுங்கள். பதில் 'யாருக்கும் இல்லை' என்றால் நீக்குங்கள், பதில் 'அலுவலகத்துக்கு' என்றால் தைரியமாக நீக்குங்கள், பதிலில் ஒரு மனிதர் வந்தால் கொஞ்சம் நிறுத்துங்கள்.

4. ரத்து செய்ய யாருக்கு அதிகாரம்?

சுருக்கமாக: போட்டவரோ அவருக்கு மேலே இருப்பவரோதான் எடுக்க முடியும். அரசாணை ஆளுநரின் பெயரால் வருகிறது, அரசமைப்புச் சட்டத்தின் 166-ஆம் கூறு அதைத்தான் சொல்கிறது. அதனால்தான் அடியில் 'ஆளுநரின் ஆணைப்படி' என்று இருக்கும். இயக்குநர் சுற்றறிக்கையால் அதைத் தொட முடியாது. உங்கள் பட்டியலில் அரசாணை நிறத்தில் இருப்பவற்றுக்குத் தனியாக அரசுக்கு முன்மொழிவு போக வேண்டும், கட்டணம் சம்பந்தப்பட்டது என்றால் நிதித்துறையும் பார்க்கும், அதற்கு மாதக்கணக்கில் ஆகும். அதற்காக மற்றதைக் காத்திருக்க வைக்காதீர்கள். துறைத்தலைவரே எடுக்கக்கூடியதை முதலில் எடுத்துவிடுங்கள்.

5. எழுதுவது

இப்போதுதான் எழுத வேண்டும். பழைய பாணி எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்:

'மேற்காண் பொருள் தொடர்பாக பார்வை 4-ல் காணும் கடிதத்தில் வழங்கப்பட்டுள்ள அறிவுரைகளை வழுவாது பின்பற்றி, வரப்பெறும் விண்ணப்பங்களை உரிய முறையில் ஆய்வு செய்து, தகுதியின் அடிப்படையில் உரிய காலத்திற்குள் தக்க நடவடிக்கை மேற்கொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.'

இதில் யார், எதை, எத்தனை நாளில் செய்ய வேண்டும் என்று ஒரு சொல்கூட இல்லை. 'உரிய' இரண்டு தடவை வருகிறது. 'உரிய', 'தக்க' இரண்டும் இருக்கும் இடத்தில் தவறு நடந்தால் பழி கீழே இருப்பவர் தலையில் விழும். அவருக்கு அது நன்றாகத் தெரியும். அதனால்தான் தற்காப்புக்கு இன்னும் ஒரு தாள் சேர்த்துக் கேட்கிறார். 17(பி) குறிப்பாணை, அதாவது ஒழுங்கு நடவடிக்கைக் குற்றச்சாட்டுத் தாள், வாங்கியவர் ஒருவர் ஓர் அலுவலகத்தில் இருந்தால் போதும், அடுத்த பத்து வருடத்துக்கு அங்கே எல்லோரும் இரண்டு ஜெராக்ஸ் கூடுதலாகவே கேட்பார்கள். மெத்தனத்தால் வரும் தாமதத்தைவிடப் பயத்தால் வரும் தாமதம் அதிகம் என்பது என் கணிப்பு.

அதே சங்கதியை இப்படி எழுதலாம்: 'விண்ணப்பம் வந்த 7 வேலை நாளுக்குள் கிராம நிர்வாக அலுவலர் அறிக்கை அனுப்ப வேண்டும். கீழே சொன்ன மூன்று ஆவணங்களைத் தவிர வேறு எதையும் கேட்கக் கூடாது. மூன்றும் இருந்து சான்று வழங்கியபின் தகவல் பொய் என்று தெரிந்தால், வழங்கிய அலுவலர் அதற்குப் பொறுப்பல்ல.' கடைசி வரிக்கு மேலே சம்மதம் வாங்குவது கஷ்டம்தான். ஆனால் அந்த ஒரு வரிக்காகச் சண்டை போடலாம், மற்ற எல்லா வரியையும்விட அது தாள்களைக் குறைக்கும்.

'வேண்டும்', 'கூடாது', 'செய்யலாம்' மூன்றையும் கலக்காதீர்கள். 'கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்' என்பது நம் அலுவலகத்தில் உத்தரவு, வெளியே படிப்பவருக்கு வேண்டுகோள், அந்தச் சொல்லையே விட்டுவிடலாம். விதியிலிருந்து வரும் வரிக்கு எதிரே விதி எண்ணைப் போடுங்கள். அறிவுரை மட்டும் என்றால் 'அறிவுரை' என்றே தலைப்புப் போட்டுத் தனியாக வையுங்கள், இரண்டையும் ஒரே பத்தியில் வைத்தால் ஆறு மாதத்தில் அறிவுரையும் விதியாகிவிடும்.

6. ரத்துப் பட்டியல்

'இதற்கு முரணாக முன்னர் வெளியிடப்பட்ட அனைத்து அறிவுரைகளும் ரத்து செய்யப்படுகின்றன' என்று ஒரே வரியில் முடிக்கத் தோன்றும். முடிக்காதீர்கள். எது முரண் என்று முடிவு செய்யும் பாரத்தை மறுபடியும் அந்த உதவியாளர் தலையிலேயே வைக்கிறீர்கள். எண், நாள், பொருள் என்று ஒவ்வொன்றாக இணைப்பில் அடுக்குங்கள். எத்தனை பக்கம் போனாலும் சரி. கூடவே, பழைய முறைப்படி ஏற்கெனவே முடித்தவை செல்லும், நிலுவையில் உள்ள விண்ணப்பங்களுக்குப் பழைய முறை, புதிய முறை இரண்டில் எது சுலபமோ அது பொருந்தும் என்று தெளிவாக ஒரு பத்தி எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் பழைய கோப்புகளைத் திரும்பத் திறப்பார்கள்.

அமெரிக்காவில் இதை இன்னொரு வழியில் முயன்றார்கள். 2019 அக்டோபரில் அதிபர் டிரம்ப் ஓர் ஆணை போட்டார்: ஒவ்வொரு அரசு முகமையும் தன் வழிகாட்டு ஆவணங்களைத் தேடக்கூடிய ஒரே இணையப் பக்கத்தில் போட வேண்டும், அங்கே இல்லாதது நடைமுறையில் இல்லை. ரத்துப் பட்டியலைப் புரட்டிப் போட்டு, உயிரோடு இருப்பதற்கு மட்டும் பட்டியல். ஆனால் அதே ஆணை, முக்கியமான புதிய வழிகாட்டிகளை வெளியிடுவதற்கும் கூடுதல் படிகளை வைத்தது, சிவப்பு நாடாவை அறுக்கப் போய் முகமைகளுக்கே கொஞ்சம் நாடா சுற்றிவிட்டார்கள். 2021 ஜனவரி 20, பதவியேற்ற அன்றே பைடன் அந்த ஆணையை ரத்து செய்தார். அரசியலை விடுங்கள், 'பட்டியலில் இல்லாதது செல்லாது' என்ற பகுதி நல்ல யோசனை. உங்கள் துறைத்தலைவர் துணிந்தவர் என்றால் ரத்துப் பட்டியலோடு இதையும் சேர்த்துக் கேட்டுப் பாருங்கள்.

7. படிவத்தையும் கணினியையும் மறந்துவிடாதீர்கள்

நகல்களுக்குச் சுய சான்றொப்பம் போதும் என்று மத்திய அரசு வலியுறுத்தத் தொடங்கிப் பத்தாண்டுக்கு மேல் ஆகிறது. இன்றும் எத்தனை படிவங்களின் அடியில் 'அரசிதழ் பதிவு பெற்ற அலுவலரால் சான்றொப்பமிடப்பட்ட நகல்' என்று அச்சாகியிருக்கிறது, பச்சை மைக் கையெழுத்துக்கு எத்தனை பேர் பள்ளித் தலைமையாசிரியரைத் தேடிப் போகிறார்கள், பாருங்கள். உத்தரவு மாறியது, படிவம் மாறவில்லை. இ-சேவை மையத்தில் இன்னும் மோசம். நீங்கள் நீக்கிய ஆவணத்துக்கு மென்பொருளில் சிவப்பு நட்சத்திரக் குறி அப்படியே இருந்தால், அங்கே உட்கார்ந்திருக்கும் பையன் ஏதாவது ஒரு தாளை ஸ்கேன் செய்து ஏற்றினால்தான் அடுத்த பக்கம் போகும். என்ன தாள் என்று கணினி பார்க்காது, வெறும் தாளைக்கூட ஏற்றியிருக்கிறார்கள்.

ஆகவே வரைவு தயாரானதும், கையெழுத்துக்குப் போகும் முன் ஒரு நாள் ஒதுக்குங்கள். வேலைக்குப் புதிதாக வந்த ஓர் இளநிலை உதவியாளரிடம் வரைவையும் நிஜமான ஐந்து விண்ணப்பங்களையும் கொடுத்து, பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு உட்காருங்கள். அவர் எங்கே நிமிர்ந்து உங்களைப் பார்க்கிறாரோ அந்தப் பத்தி சரியில்லை. என் இரண்டாவது முயற்சியில் பதினொரு இடத்தில் நிமிர்ந்தார்கள், அதில் நான்கு இடம் நான் ரொம்பத் தெளிவாக எழுதியிருப்பதாக நினைத்தவை.

8. வெளியிட்ட பிறகு

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 4(1)(பி)-யின் கீழ் துறை தானாகவே வெளியிட வேண்டிய 17 இனங்களில், பணியாளர்கள் பயன்படுத்தும் விதிகள், அறிவுறுத்தல்கள், கையேடுகளும் ஒன்று. ஆக, வலைத்தளத்தில் போடுவது உபகாரம் இல்லை, கடமை. ஸ்கேன் செய்த கோணல் பி.டி.எஃப். வேண்டாம், தேடினால் சொல் அகப்படும்படி யூனிகோடில் போடுங்கள். ஆவணப் பட்டியலை மட்டும் ஒரே பக்கத்தில் பெரிய எழுத்தில் தனியாக அச்சடித்து அனுப்புங்கள், அதுதான் மேசைக் கண்ணாடிக்கு அடியில் போகப்போகிறது.

பின்னால் திருத்தம் வரும்போது 'பத்தி 6-ல் இரண்டாம் வரியில் உள்ள சொற்களுக்குப் பதிலாக' என்று தனிச் சுற்றறிக்கை போடச் சொல்வார்கள். அதற்கு ஒப்புக்கொண்டால் ஐந்து வருடத்தில் இன்னொரு கட்டு. திருத்திய பத்தியை முழுசாகப் போட்டு, ஆவணத்தையே புதிய நாளோடு மாற்றி வெளியிடுங்கள், பழைய பதிப்பை நீக்கிவிட்டதாக முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். அப்புறம் அந்த எக்செல் பட்டியல். அதை உங்கள் சொந்தப் பென் டிரைவில் வைத்துக்கொண்டு மாறுதலில் போய்விடாதீர்கள், இருப்புக் கோப்பின் முதல் தாளாக அச்செடுத்துக் கோத்து வையுங்கள், ஏனென்றால் அடுத்த முறை இந்தக் கட்டு வேறு யாரோ ஒரு புதியவர் மேசைக்குத்தான் வரும்.